ஹாக்ஸ்பரி ஆற்றில் எட்டுப் பழைய எஞ்சின்கள்

மார்ச் மாதத்துச் சனிக்கிழமை, காலை ஐந்து ஐம்பது. சிட்னியின் செவன் ஹில்ஸில் எங்கள் தெருவில் இரண்டு வண்டிகள் புறப்படத் தயாராக நின்றன. முன்னால் வசந்தி அக்காவின் யூட் என்கிற, பின்புறம் திறந்த சிறு வண்டி; அதன் பின்னால் இழுவண்டியில் மூன்றே முக்கால் மீட்டர் நீளமுள்ள அலுமினியப் படகு. அடுத்து அவர் கணவர் குகன் அண்ணனின் வேன். அதற்குள் இருபது பேருக்கான கோழிப் புரியாணி. படகில் போகிறவர்கள் வசந்தி அக்காவும் நானும். குகன் அண்ணனுக்குக் குளியல் தொட்டியில் தண்ணீர் அசைந்தாலே தலை சுற்றும் என்பார்கள். அவர் சாப்பாட்டோடு சாலை வழியாக வந்து எங்களை மதியம் ஸ்பென்சர் என்ற ஊரில் சந்திப்பதாக ஏற்பாடு.

வசந்தி அக்கா எங்கள் எதிர்வீட்டுக்காரர். யாழ்ப்பாணத்துக்காரர், வயது ஐம்பத்தெட்டு, பக்கத்துத் தொழிற்பேட்டையில் தண்ணீர்ப் பம்புகள் பொருத்தும் வேலை. நான் கோமதி, மெரிலேண்ட்ஸில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநர். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக் கொல்லையிலிருந்து கிளம்பிய நீலப் புகை, நான் காயப்போட்டிருந்த படுக்கை விரிப்புகள் மேல் வந்து படிந்தது. சண்டை போடுவதற்காகத்தான் போனேன். அங்கே ஒரு பெரிய தண்ணீர்ப் பீப்பாயின் விளிம்பில் ஒரு பழைய எஞ்சினை மாட்டி ஓடவிட்டுக்கொண்டிருந்தார். பீப்பாய்க்குள் தண்ணீர் கொதிப்பதுபோலச் சுழன்றது. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஆனா ஒருக்கா வந்து பாருங்கோ, எழுபது வயசு மெசின், என்னமா ஓடுது எண்டு" என்றார். துணியை மறந்து முக்கால் மணி நேரம் நின்றுவிட்டேன்.

அது அவுட்போர்டு எஞ்சின். படகின் பின்பலகையில் மாட்டித் தொங்கவிடுவது. சிட்னியில் இத்தகைய பழைய எஞ்சின்களைத் தேடிப் பிடித்து, பழுது பார்த்து, வருடத்துக்கு நான்கைந்து முறை ஆற்றில் ஓட்டிப் பார்க்கும் ஒரு சங்கம் இருக்கிறது. 1970க்கு முன் செய்ததாக இருக்கவேண்டும் என்பது ஒன்றே விதி. உறுப்பினர் முப்பது பேரில் பெண்கள் மூவர். தமிழ் பேசுபவர் வசந்தி அக்கா ஒருவர்தான். விருந்தினராக வர எனக்கு அன்றைய கட்டணம் பன்னிரண்டு டாலர்.

காலை ஏழு மணி. வடக்கு நோக்கிய நெடுஞ்சாலையில் ஐம்பது கிலோமீட்டர் வந்து, ஹாக்ஸ்பரிப் பாலத்தைக் கடந்ததும் மூனி மூனி. பாலத்தடியில் படகிறக்கும் சரிவில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர். காற்றே இல்லை. ஆறு மழித்த கன்னம்போல வழவழவென்று கிடந்தது. ஒவ்வொரு படகின் பின்னாலும் ஒரு வினோதம் தொங்கியது: பித்தளைத் தொட்டி வைத்தது, தலையில் தட்டு மாதிரிச் சக்கரம் சுழல்வது, பச்சை வண்ணம் உரிந்து உரிந்து வரைபடம்போல ஆனது. எங்களுடையது 1956இல் இங்கிலாந்தில் செய்தது. பென்றித் என்ற ஊரில் ஒருவருடைய கார் கொட்டகையில் கிடந்ததை நூற்று அறுபது டாலருக்கு வாங்கினாராம்.

சங்கத்தின் செயலாளர் பிரையன் அங்கேதான் எனக்கு அறிமுகமானார். எழுபத்தாறு வயது, ஓய்வுபெற்ற அச்சகத் தொழிலாளி, காதில் பென்சில். தானே ஒட்டுப்பலகையில் கட்டிய, ஆரஞ்சு வண்ணம் அடித்த படகு. எல்லோரையும் கூட்டி அன்றைய திட்டத்தைச் சொன்னார். மேலாற்றில் இருபது கிலோமீட்டர் தள்ளி ஸ்பென்சர். கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறும் தண்ணீர் பதினொன்றரை வரை நம்மைத் தள்ளிக்கொண்டு போகும். சாப்பிட்டுவிட்டு வடிகிற தண்ணீரோடு திரும்பலாம். தெற்கிலிருந்து குளிர்க்காற்று மாலை ஐந்துக்குப் பிறகுதான் என்று வானிலை அறிக்கை சொல்கிறது. காவலுக்குப் புதிய எஞ்சின் வைத்த ஒரு படகு கூடவே வரும். கடைசிப் படகாக அவர் வருவார். அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது.

"புதிய எஞ்சின் ஏன்?" என்று கேட்டேன்.

"பழைய எஞ்சின்களை நாங்கள் நேசிக்கிறோம். நம்புவதாக யாரும் சொல்லவில்லையே" என்றார்.

எங்கள் எஞ்சினைக் கிளப்புவதே ஒரு காரியம். மேலே உள்ள சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி ஓங்கி இழுக்கவேண்டும். பற்றிக்கொண்டால் படகு அந்தக் கணமே கிளம்பிவிடும். சும்மா உறுமிக்கொண்டு ஓரிடத்தில் நிற்கும் வசதி கிடையாது. பின்னால் போகவும் கியர் இல்லை. நிற்கவேண்டும் என்றால் எஞ்சினை அணைக்கவேண்டும். "கலியாணம் மாதிரி. தொடங்கினா போய்க்கொண்டே இருக்கவேணும்" என்றார் வசந்தி அக்கா. கரையில் நின்ற குகன் அண்ணன், "கேக்குது" என்றார்.

ஒன்பது இருபதுக்கு ஒன்பது பழைய படகுகளும் ஒரு காவல் படகும் புறப்பட்டன. மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் வேகம். எண்ணெய் கலந்த பெட்ரோல் புகை ஆற்றின் மேல் நீலமாகப் படுத்திருந்தது. இரு பக்கமும் மணற்கல் மலைகள். அடியில் அலையாத்தி மரங்கள். அதற்கும் கீழே பாறைகளில் ஒட்டிய சிப்பிகள் வெள்ளையாகப் பல் காட்டின. சத்தத்தில் பேசமுடியாது. அதனால் எதிரே வருகிற ஒவ்வொரு படகுக்கும் கை காட்டினோம். அவர்களும் சிரித்துக்கொண்டு கை காட்டினார்கள். நான் தொண்டிக் கடற்கரையிலிருந்து நாலு கிலோமீட்டரில் வளர்ந்தவள். அங்கே பெண்கள் மீன் வாங்கக் கரைக்குப் போவோம். படகில் ஏறுவது வழக்கம் இல்லை. நாற்பத்திரண்டாம் வயதில், இங்கே ஒரு பொது நீச்சல் குளத்தில்தான் நீந்தவே கற்றேன். இருபத்தைந்து மீட்டர், அதுவும் மூச்சு வாங்க.

பத்தேகாலுக்கு மில்சன் தீவைத் தாண்டியதும் ஒரு படகின் எஞ்சின் இருமி நின்றது. மீண்டும் கிளம்பவில்லை. காவல் படகு அதைக் கயிறு கட்டி மூனி மூனிக்கு இழுத்துப் போனது. மீதி எட்டுப் படகுகள். பத்து ஐம்பதுக்குப் பார் பாயிண்ட் என்ற கரையோரக் குடியிருப்பைக் கடந்தோம். சாலையே இல்லாத ஊர் அது. அங்கே வசிப்பவர்கள் பாலும் ரொட்டியும் படகில்தான் கொண்டுவருகிறார்கள்.

பதினொன்று பத்து. முதலில் மாறியது தண்ணீரின் நிறம். பச்சையாக இருந்தது ஈயம்போல ஆனது. திரும்பிப் பார்த்தேன். தெற்கே மலைக்கு மேல் ஒரு மேகம், சுருட்டி வைத்த பாய்போல, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை உருண்டு வந்துகொண்டிருந்தது. வானிலை அறிக்கை சொன்ன நேரத்துக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது. வசந்தி அக்கா இடுப்பில் மாட்டியிருந்த இருவழி ரேடியோவில் பிரையனின் குரல் கேட்டது: எல்லோரும் உடனே திரும்புங்கள், பார் பாயிண்டுக்குப் போங்கள், நான் எல்லோருக்கும் பின்னால் வருகிறேன்.

திரும்பிப் பாதி வழி வந்தபோது காற்று அடித்தது. தள்ளியது என்று சொல்லவேண்டும். வெயில் சட்டென்று அணைந்து, குளிர் கழுத்துக்குள் இறங்கியது. ஐந்து நிமிடத்தில் ஆறு குத்துக்குத்தாக எழும்பியது. அலுமினியத் தகட்டில் ஒவ்வொரு அலையும் சம்மட்டி மாதிரி இடித்தது. மழை பக்கவாட்டில் வந்தது.

"கோமதி, கீழ இருந்து தண்ணிய இறையுங்கோ. எழும்பாதேங்கோ" என்றார் அக்கா. அடி வெட்டிய ஒரு பால் கேனால் நான் இறைத்துக்கொண்டே இருந்தேன்.

பார் பாயிண்டில் கரை உள்வாங்கிக் காற்றைக் கொஞ்சம் மறைக்கிறது. அங்கிருந்த படகுத்துறையில் மற்றவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள்தான் கடைசியாக வந்தோம். துறைக்குப் பத்து மீட்டர் இருக்கும்போது அக்கா படகுகளை எண்ணினார். எங்களோடு ஏழு. ஆரஞ்சுப் படகு இல்லை.

"பிரையன் எங்க?" என்று ஆங்கிலத்தில் கத்தினார். துறையில் நின்ற ஒருவர் ஆற்றின் பக்கம் கை நீட்டினார். மழைத்திரைக்கு அப்பால், எழுநூறு மீட்டர் தூரத்தில், ஒரு ஆரஞ்சுப் புள்ளி குறுக்குவாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. ரேடியோவில் அவரிடமிருந்து பதில் இல்லை. மீட்புப் படகுக்கு இன்னொருவர் தன் ரேடியோவில் சொல்லிவிட்டார்; அவர்கள் வந்துசேர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். காற்று அந்தப் புள்ளியைச் சிப்பிகள் ஒட்டிய பாறைக் கரைக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.

எங்கள் எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வசந்தி அக்கா துறைக்கு முன்னால் ஒரு வட்டம் போட்டார். போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"மெசின நிப்பாட்டினா இந்த ஈரத்தில திரும்பப் பத்துமோ தெரியாது. நிப்பாட்டாம உங்கள இறக்க ஏலாது. மற்ற மெசின் எல்லாம் நிண்டுபோச்சு. என்ன செய்வம்?"

இறங்கிவிட வேண்டும் என்று நான் நினைத்தது உண்மை. ஆனால் அவர் கேட்ட விதத்தில் கட்டாயம் இல்லை. இறக்கிவிடுங்கள் என்றால் இறக்கிவிட்டிருப்பார்.

"போங்கக்கா. நான் தண்ணி இறைக்கிறேன்" என்றேன்.

எழுநூறு மீட்டர் போக எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. படகின் மூக்கு மேலே ஏறும்போது எஞ்சின் தாழ்ந்து முனகியது. மூக்கு இறங்கும்போது எஞ்சினின் அடிவிசிறி தண்ணீரை விட்டு வெளியே வந்து அலறியது. ஒவ்வொரு அலறலுக்கும் இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அக்கா ஒரு கையால் எஞ்சின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தன் மழைக்கோட்டின் ஓரத்தை விரித்து எஞ்சின் தலையில் தண்ணீர் படாமல் மறைத்துக்கொண்டிருந்தார்.

பிரையன் ஒற்றைத் துடுப்போடு போராடிக்கொண்டிருந்தார். மற்றது போய்விட்டது. தொப்பி இல்லை, வெள்ளைத் தலைமுடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. அவர் படகில் பாதி தண்ணீர். பாறைக்கு அறுபது மீட்டர் இருக்கலாம்.

"நிக்க ஏலாது, ஓட்டத்தில தான் எறியவேணும். கயித்த எடுங்கோ" என்றார் அக்கா. கயிற்றின் ஒரு முனை எங்கள் பின்பலகை வளையத்தில் கட்டியிருந்தது. மறு முனையில் மிதப்பதற்காக மூடிய ஒரு பிளாஸ்டிக் போத்தல். பிரையனின் படகை ஒட்டிக் கடந்தபோது நான் அவர் நெஞ்சைப் பார்த்து எறிந்தேன். காற்று கயிற்றைத் தூக்கி, அவருக்கு மூன்று மீட்டர் அப்பால் போட்டது. அவர் எட்டிப் பார்த்தார், கைக்கு எட்டவில்லை.

அக்கா படகைப் பெரிய வட்டமாகத் திருப்பினார். பக்கவாட்டில் வந்த ஓர் அலை என் மடிமேல் ஏறி இறங்கியது. நான் கயிற்றைக் கை கையாக இழுத்துச் சுருட்டினேன். விரல்கள் மரத்துப்போயிருந்தன.

"அவரப் பாத்து எறியாதேங்கோ. காத்து வாற பக்கமா எறியுங்கோ. மிச்சத்தக் காத்துப் பாக்கும்."

பாறைகளில் அலை வெடிக்கும் சத்தம் இப்போது எஞ்சின் சத்தத்துக்கு மேல் கேட்டது. இந்த முறை அவரை விட்டு இரண்டு ஆள் தூரம் தள்ளி, காற்று வருகிற பக்கத்தில், வெற்று வெளியைப் பார்த்து எறிந்தேன். போத்தல் காற்றில் வளைந்து போய் ஆரஞ்சுப் படகின் உள்ளேயே விழுந்தது. பிரையன் அதன்மேல் விழுந்து பிடித்தார். கயிறு விறைத்தது. எங்கள் எஞ்சின், ஒரு நிமிடம் இரண்டு படகையும் யோசித்துப் பார்ப்பதுபோல அடங்கி, பிறகு இழுக்கத் தொடங்கியது.

துறைக்குத் திரும்ப இருபத்தைந்து நிமிடம். ஆறேழு பேர் முழங்கால் தண்ணீரில் நின்று இரண்டு படகையும் பிடித்துக்கொண்டார்கள். அக்கா எஞ்சினை அணைத்தார். பிறகு மழைக்கோட்டைக் கழற்றி எஞ்சின்மேல் போர்த்தினார். மீட்புப் படகுக்கு இனி வரவேண்டாம் என்று சொல்லப்பட்டது.

மதியம் பன்னிரண்டரை. டெனிஸ் என்ற பெண்மணி, அந்த ஊரில் முப்பது வருடமாக வசிப்பவர், ஊர்ப் பொது மண்டபத்தைத் திறந்துவிட்டார். யார் என்று கேட்கவில்லை. துவாலைகளைக் கொடுத்தார், தேநீருக்குக் கேத்தலைப் போட்டார், இரண்டு ரொட்டிப் பொதிகளும் ஒரு கட்டிச் சீஸும் கொண்டுவந்து, சுடச்சுட வாட்டிக்கொண்டே இருந்தார். பிரையன் இரண்டு கம்பளிக்குள் உட்கார்ந்து, மூன்றாவது கோப்பைத் தேநீருக்குப் பிறகுதான் நடுக்கம் நின்று பேசினார். எல்லோரும் தன்னைத் தாண்டிப் போகும்வரை காற்றுக்கு எதிரே காத்திருந்தபோது ஒரு அலை எஞ்சினை மூடிவிட்டதாம். ரேடியோவும் அதிலேயே நனைந்துபோனதாம்.

"செயலாளரை இழுத்துவந்தது இந்தச் சங்கத்தில் இதுவே முதல் முறை. கூட்டக் குறிப்பில் எழுதவேண்டும். எழுதவேண்டியவனும் நான்தான்" என்றார். பிறகு வசந்தி அக்காவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார்.

மண்டபத்து வராந்தாவின் ஒரே ஒரு மூலையில் மட்டும் தொலைபேசிக்குச் சிக்னல் கிடைத்தது. அக்கா அங்கே போய் நின்றதும் குகன் அண்ணனின் அழைப்பு.

"என்னப்பா, எங்க நிக்கிறீர்? நான் ஸ்பென்சருக்கு வந்து ஒரு மணித்தியாலமாச்சு. இஞ்ச சரியான மழை."

"பார் பாயிண்டில. எல்லாரும் சுகம். றோட்டால இஞ்ச வர ஏலாது" என்றார் அக்கா. ஆற்றில் நடந்ததைச் சொல்லவில்லை.

"அப்ப இந்தச் சாப்பாட்ட என்ன செய்யிறது? மழைக்கு ஒதுங்கி எட்டு மோட்டார் சைக்கிள்காரர் இஞ்ச நிக்கினம். மணத்துக்கு என்ர வேனச் சுத்திச் சுத்தி வருகினம்."

"குடுங்கோ. எங்களுக்கும் கொஞ்சம் வையுங்கோ."

மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அந்த மூலையிலேயே, பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். அக்காவுக்கு எஞ்சின் பைத்தியம் எப்படி வந்தது என்று நான் இதுவரை கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"பத்தொன்பது வயசில இந்தியாவுக்குப் படகில வந்தனான், ராமேஸ்வரத்துக்கு. ஓட்டியோட பதினாறு பேர். நடுக்கடலில மெசின் நிண்டிட்டுது. எல்லாரும் அழுகினம், கும்பிடுகினம். ஓட்டி ஒருத்தர்தான் பேசாம இருந்து பிளக்கைக் கழட்டி, என்ர பாவாடை ஓரத்தில துடைச்சு, திரும்பப் பூட்டினவர். பத்திச்சுது. எனக்கு அப்ப ஆச்சரியமா இருந்தது. ஒரு சின்னச் சாமான், ஈரம் பட்டிருக்கு, அவ்வளவுதான் விசயம். அது தெரியாமத்தான் நாங்கள் பதினஞ்சு பேரும் செத்துப்போனம் எண்டு இருந்தது. அதுக்குப் பிறகு எந்த மெசினைக் கண்டாலும் உள்ளுக்க என்ன இருக்கு எண்டு பாக்கவேணும் எனக்கு."

தொண்டியில் நாங்கள் மீன் வாங்கப் போகும் கரையிலிருந்து பார்த்தால் அந்தக் கடல்தான். அதை அவரிடம் சொன்னேன். "ஓம், தெரியும்" என்றார். "அதாலதான் உங்களைக் கூட்டிக்கொண்டு வரவேணும் எண்டு நினைச்சனான். கடலைப் பாத்துக்கொண்டே இருந்தா காணாது, ஏறிப் போகவும் வேணும்."

இரண்டே முக்காலுக்கு மழை விட்டது. நான் உள்ளே போனபோது பிரையன் கம்பளிகளை உதறிவிட்டு, மண்டபத்து மேசைமேல் தன் எஞ்சினைக் கழற்றி அக்குவேறு ஆணிவேறாகப் பரப்பி வைத்திருந்தார். டெனிஸ் தன் வீட்டுத் தலைமுடி உலர்த்தியால் ஒவ்வொரு பாகமாகச் சூடான காற்று ஊதிக்கொண்டிருந்தார். சுற்றி நின்ற ஆறு பேர் ஆறு விதமாக யோசனை சொன்னார்கள். மூன்றரைக்குக் காவல் படகு வந்துசேர்ந்து, தேவையானவர்களை இழுத்துப் போகிறேன் என்றது. ஒருவரும் கை தூக்கவில்லை. பிரையன் இரவல் துடுப்பு ஒன்றை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

நான்கு பத்துக்கு அவருடைய எஞ்சின் ஏழாவது இழுப்பில் பற்றிக்கொண்டது. டெனிஸ் துறையில் நின்று முடி உலர்த்தியைத் தலைக்கு மேலே ஆட்டினார்.

திரும்பும் வழியில் ஆறு மறுபடியும் படுத்துவிட்டது. மழை கழுவிய மணற்கல் சுவர்கள் மஞ்சள் வெயிலில் ஈரமாக மின்னின. மலையிடுக்குகளில் காலையில் இல்லாத சின்னச் சின்ன அருவிகள் விழுந்துகொண்டிருந்தன. மில்சன் தீவு அருகே அக்கா எழுந்து இடம் மாறி, "இப்ப நீங்கள் ஓட்டுங்கோ" என்றார். எஞ்சின் கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் போகும் என்பது மூளைக்குத் தெரிவதும் கைக்குத் தெரிவதும் வேறு. நான் போட்ட வளைவுகளைப் பார்த்துப் பின்னால் வந்த படகுகள் மரியாதையான தூரத்தில் விலகிக்கொண்டன.

ஐந்தரைக்கு மூனி மூனி. குகன் அண்ணன் ஸ்பென்சரிலிருந்து மலைப்பாதையில் ஒரு மணி நேரம் ஓட்டி வந்து, பாலத்தடியில் வேனின் பின்கதவைத் திறந்து வைத்திருந்தார். பாதிச் சாப்பாடு மிச்சம் இருந்தது. நின்றபடியே சாப்பிட்டோம். பிரையன் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே, இருந்தது இருந்தபடி அன்றைய கதையைக் குகன் அண்ணனிடம் சொல்லிவிட்டார். அண்ணன் கரண்டியைப் பிடித்தபடி மனைவியைப் பார்த்தார். "போன்ல சொல்லேல்ல" என்றார். "சொன்னா நீங்கள் நீந்தி வந்திருப்பியள்" என்றார் அக்கா. அண்ணன் அக்காவின் தட்டில் இன்னொரு முட்டையை வைத்தார்.

சென்னையில் வேலை பார்த்த காலத்தில் நான் போன சுற்றுலாக்கள் எல்லாம் திட்டப்படி நடந்தவை. போன இடத்தின் பெயர் மட்டும் ஞாபகம் இருக்கிறது. கூட வந்தவர்கள் யார் என்று யோசித்துத்தான் சொல்லவேண்டும். ஸ்பென்சரை நான் இன்னும் பார்க்கவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் அன்று என்னோடு நனைந்த அத்தனை பேரையும் அவரவர் எஞ்சின் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன்.

கிளம்பும்போது பிரையன் யூட்டின் கண்ணாடியைத் தட்டினார். சட்டைப் பையிலிருந்து ஈரமான ஒரு தாளையும் ஒரு பென்சிலையும் நீட்டினார். உறுப்பினர் விண்ணப்பம். பெயர், முகவரி, நீந்தத் தெரியுமா என்று ஒவ்வொன்றாக என் மடியில் வைத்து நிரப்பினேன். கடைசிக் கேள்விக்கு வந்ததும் பென்சில் நின்றது: உங்கள் எஞ்சின் செய்யப்பட்ட ஆண்டு.

"அக்கா, எங்கிட்ட எஞ்சினே இல்லையே. இதுக்கு என்ன எழுதறது?"

வசந்தி அக்கா எட்டிப் பார்த்தார். "1958 எண்டு எழுதுங்கோ" என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார். "பென்றித்துக்காரர் இன்னுமொண்டு வச்சிருக்கிறார். உங்கட பேர் சொல்லிப் போன கிழமையே எடுத்து வைக்கச் சொல்லிட்டன்."